ஆப்ஷன் சொல்லுங்க மாமா

1

இந்தக் கதை என் அக்காவின் ஒரு போனில் தொடங்கியது. "நீதான் கதை எழுதுறவனாச்சே. இவளுக்கு ஏன் டாக்டராகணும்னு தோணுச்சுன்னு ஒரு காரணம் எழுதிக் குடுடா" என்றாள். என் எழுத்தை அவள் மதித்துக் கேட்டது அதுதான் முதல் தடவை.

அக்கா மகளுக்கு உள்ளூர் மருத்துவக் கல்லூரி இடம் மயிரிழையில் கைநழுவிப் போயிருந்தது. இங்கே ஒரே தேர்வுதான். நான்கு விடைகளில் ஒன்றைக் குறித்தால் போதும். ஏன் டாக்டராக வேண்டும் என்று யாரும் கேட்பதில்லை. அவள் விண்ணப்பித்திருந்த வெளிநாட்டுக் கல்லூரியில் மதிப்பெண் வாசல்வரைதான் கூட வரும். உள்ளே போக, நாலு பேர் முன்னால் பேசிக் காட்ட வேண்டும். மிச்சமிருந்தது அந்த ஒரு வழிதான்.*

* எந்த முறை நல்லது என்று என்னிடம் கேட்காதீர்கள். ஒன்றில் வாய்ச் சாமர்த்தியம் இல்லாதவர் பிழைத்துக்கொள்வார், இன்னொன்றில் அது இருப்பவர். நோயாளி இரண்டிலும் வரிசையில்தான் உட்கார்ந்திருக்கிறார்.

2

முதல் தொடக்கம்: "சிறு வயதில், அவள் கண்ணெதிரே தாத்தா மூச்சுத் திணறி"

(அடித்துவிட்டேன். இரண்டு தாத்தாக்களும் திடமாக இருக்கிறார்கள். ஒருவர் தினமும் எனக்கு வாட்ஸப்பில் காலை வணக்கம் அனுப்புகிறார்.)

இரண்டாவது: "அடிபட்ட புறா ஒன்றை அவள் கையில்"

(வேண்டாம். புறா பக்கத்தில் வந்தாலே அவளுக்குத் தும்மல் வரும்.)

மூன்றாவதை முழுசாக எழுதினேன். வாசித்துவிட்டு அவள் சொன்னாள்: "நல்லாத்தான் இருக்கு மாமா. ஆனா இதைப் படிச்சா உங்களுக்குத்தான் சீட் குடுப்பாங்க."

3

அடுத்தது நேர்காணலுக்கு ஒத்திகை. சாப்பாட்டு மேசையில் நான் நோயாளி, அவள் எதிரே.

"டாக்டர், நாளைக்கு ஆபரேஷன். பயமா இருக்கு. பொழைச்சுருவேனா?"

என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என்னம்மா, பேசு."

"ஆப்ஷன் சொல்லுங்க மாமா."

(நான் இட்டுக்கட்டியது என்பீர்கள். கேலிக்காக எழுதியதுபோல் இருக்கிறதே என்று எனக்கும் சந்தேகம் வந்து வெட்டிப் பார்த்தேன். வெட்டினால் அவள் போய்விடுகிறாள், கதையில் நான் மட்டும் மிஞ்சுகிறேன்.)

அக்கா சிரித்துவிட்டாள். மகள் சிரிக்கவில்லை. "ரெண்டு வருஷமா நாலுல ஒண்ணு குறிக்கத்தான்மா சொல்லிக் குடுத்தீங்க. இப்ப மனசுல என்ன இருக்குன்னு கேட்டா நான் எங்க போய்த் தேடுறது?"

பாவமாக இருந்தது. எழுதுகிறவன் இப்படி வெளிப்படையாகச் சொல்லக் கூடாது என்பார்கள். ஆனால் இருந்தது.

4

முடிவு அ: இடம் கிடைக்கிறது. அக்கா ஊரெல்லாம் போன் போடுகிறாள்.

முடிவு ஆ: கிடைக்கவில்லை. மறுபடியும் அதே கோச்சிங் சென்டர், அதே பெஞ்சு.

இரண்டையும் எழுதி வைத்திருக்கிறேன். நடந்தது இவ்வளவுதான்: நேர்காணல் லேப்டாப்பில். அறைக்கதவு ஒருக்களித்திருந்தது. வெளியே நானும் அக்காவும். ஏன் டாக்டராக வேண்டும் என்ற அந்தக் கேள்வியைக் கேட்டேவிட்டார்கள்.

 "யோசிச்சுச் சொல்லலாமா?" என்றாள் அவள். (அந்த நாட்டு மொழியில்தான். தமிழ்ப்படுத்தியது நான்.)

"போச்சு" என்று அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

இங்கே தேர்வில் யோசித்தால் நேரம் போய்விடும். அங்கே அதற்கும் மதிப்பெண் உண்டோ என்னவோ. அவளுக்கும் தெரியாது, தெரியாமல்தான் யோசிக்கிறாள்.

என்னிடம் பதில் ஒன்று தயாராக இருக்கிறது. எழுதினால் அது என் பதிலாகிவிடும். அதனால் இத்தோடு நான் எழுந்துகொள்கிறேன். கேள்வி கேட்டவரின் நாற்காலியில் நீங்கள் உட்காருங்கள். மதிப்பெண் உங்கள் இஷ்டம். அவளை அவசரப்படுத்த மட்டும் வேண்டாம்.