ஆழமாக வெட்டிய சிலுவை

எங்கள் பக்கம் பிணத்தைக் கல்லறைக்குக் கொண்டுபோகும்போது காட்டோரம் வண்டியை நிறுத்துவோம். உறவில் ஆண் ஒருவர் இறங்கி ஒரு பைன் மரத்தில் சிலுவை வெட்டுவார். எல்லோரும் ஒரு மடக்கு வோட்கா குடிப்போம். பிறகு வண்டி நகரும். செத்தவருக்கு வீட்டு நினைப்பு வந்தால் அந்த மரம் வரை வருவார். சிலுவையைப் பார்த்ததும் தான் செத்தது நினைவுக்கு வரும். திரும்பிவிடுவார்.

பதினெட்டு வருஷமாக இதைப் பயணிகளுக்குச் சொல்லி வருகிறேன். ஆற்றங்கரையில் எங்கள் விடுதி. ஐந்து மர அறைகள், விறகுப் புகையில் சூடேறும் ஒரு நீராவிக் குளியலறை, எட்டுப் படகுகள். காலையில் சிவப்பு மணற்பாறைகளையும் குகையையும் காட்டுவேன். மத்தியானம் என் மனைவி ஹெல்யு கறுப்பு ரொட்டியும் காளான் குழம்பும் போடுவாள். சாப்பிட்டதும் சிலுவைக் காடு. பழைய சிலுவைகளைப் பட்டை மூடியிருக்கும். வடு மட்டும் தெரியும். பயணிகள் அதில் விரல் வைத்துப் பார்ப்பார்கள். செத்தவர்கள் உண்மையிலேயே வருவார்களா என்று ஒருவராவது கேட்பார். எங்கள் வீட்டுக்கு யாரும் வந்ததில்லை, மரங்கள் ஒழுங்காக வேலை பார்க்கின்றன என்பேன். சிரிப்பார்கள்.

சாலையோர வரிசையில் மூன்றாவது மரம் என் மகன் ரய்கோவுடையது. அதன் முன்னால் நான் நிற்பதில்லை.

ஏப்ரலில் பனி உருகி ஆறு பொங்கும். அந்த வெள்ளத்தில் படகு ஓட்டத்தான் நகரத்துக்காரர்கள் வருகிறார்கள். இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு சனிக்கிழமை ரிகா நகரத்திலிருந்து நான்கு பேர் வந்திருந்தார்கள். நான் கூட்டிப்போக வேண்டியவர்கள். முந்தின நாள் பக்கத்துப் பண்ணை எல்மாருக்கு அறுபதாவது பிறந்தநாள். காலையில் என்னால் தலையைத் தூக்க முடியவில்லை. ஹெல்யு தார்த்து நகரத்தில் தன் அக்காள் வீட்டுக்குப் போயிருந்தாள்.

ரய்கோ வந்து கதவோரம் நின்றான்.

“அப்பா, தண்ணி ரொம்ப ஏறியிருக்கு. மில் அணைக்கிட்ட சுழிக்குது. திருப்பி அனுப்பிடலாமே.”

“பத்தொன்பது வயசுல தண்ணியப் பாத்து நடுங்குறவன் ஆத்தங்கரையில எதுக்குடா பொறந்த? கூட்டிட்டுப் போ.”

சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டேன். அவன் கொஞ்ச நேரம் நின்றான். பிறகு படிகளில் அவன் இறங்கும் சத்தம் கேட்டது.

அணையில் படகு கவிழ்ந்தது. நான்கு பேரும் கரையேறினார்கள். ரய்கோ ஒன்பதாம் நாள் கிடைத்தான்.

போலீஸ்காரரிடம், நான் தடுத்தும் கேட்காமல் அவனே போனான் என்று சொன்னேன். ஹெல்யுவிடமும் அதையேதான் சொன்னேன். இளரத்தம் என்றார்கள் ஊரில். நான் சொன்னது பொய் என்று தெரிந்தவன் செத்துப்போன ரய்கோ ஒருவன்தான்.

கல்லறைக்குப் போகும் வழியில் எல்மார் கோடரியை என்னிடம் கொடுத்தான். சிலுவை விரலளவு ஆழம் இருந்தால் போதும். நான்கு கொத்து கொத்திவிட்டு நகர்ந்துவிடுவார்கள். நான் நிறுத்தவில்லை. பட்டை போய், வெள்ளை மரம் போய், உள்ளே சிவந்த பாகம் தெரிந்த பிறகும் வெட்டினேன். பட்டை எத்தனை வருஷம் வளர்ந்தாலும் அந்த வெட்டுவாய் மூடக் கூடாது. மரத்துண்டுகள் பெண்களின் கறுப்புக் காலணிகள் மேல் தெறித்தன. எல்மார் என் கையைப் பிடித்தான்.

“போதும்டா ஆகோ. மரத்தையே சாய்க்கப் போறியா?”

துக்கம் தாங்காமல் வெட்டுகிறேன் என்று நினைத்தார்கள். இரண்டு பேர் அழுதார்கள். ஹெல்யு என் கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

போன வருஷக் கோடையில் அந்த மரத்தின் உச்சி மஞ்சளாகிக் காய்ந்தது. வெட்டுவாயில் வண்டு இறங்கியிருந்தது. அடியில் மாவு போல மரத்தூள் கொட்டிக் கிடந்தது. இந்த மார்ச்சில் வனத்துறைப் பெண் மெர்லே வந்து மரத்தைத் தட்டிப் பார்த்தாள். எங்கள் விடுதியிலிருந்து தேவாலயமும் கல்லறையும் இருக்கும் ஊருக்குப் போகும் சாலை அந்த மரத்தின் கீழேதான் போகிறது. பள்ளிக்கூட பஸ் போகிறது. பயணிகள் நடக்கிறார்கள். அடுத்த காற்றுக்குத் தாங்காது என்றாள். சிலுவை மரத்தைக் குடும்பத்தின் சம்மதம் இல்லாமல் வெட்ட மாட்டார்கள். படிவத்தை எங்கள் சமையலறை மேசையில் வைத்தாள். பெற்றவர்கள் இரண்டு பேரின் கையெழுத்தும் வேண்டும்.

மெர்லே தயங்கித் தயங்கிப் பேசினாள். இப்படிப்பட்ட படிவத்தோடு போன ஒரு வீட்டில் தன் மேல் நாயை அவிழ்த்து விட்டார்கள் என்றாள்.

ஹெல்யு கைகளைத் துடைத்துக்கொண்டு வந்தாள். பேனாவை எடுத்துக் கையெழுத்துப் போட்டாள். படிக்கக்கூட இல்லை.

“மரம் போனா அவன் வீட்டுக்கு வந்துருவான், ஹெல்யு” என்றேன்.

“வரட்டுமே. அவன் வீடுதானே.”

நான் கையெழுத்துப் போடவில்லை.

அதற்கப்புறம் நான் செய்ததையெல்லாம் ஊரே பார்த்தது. தார்த்து அருங்காட்சியகத்துக்கு மூன்று கடிதம் எழுதினேன். மாவட்டப் பத்திரிகைக்குப் பேட்டி கொடுத்தேன். மரத்தில் கை வைத்து நிற்கும் என் படம் முதல் பக்கத்தில் வந்தது. எங்கள் மூதாதையர் விட்டுப்போன சொத்து, ஒரு மரம் விழுந்தால் நாளைக்குக் காடே விழும் என்றெல்லாம் சொல்லியிருந்தேன். தாலின் நகரத்திலிருந்து முன்பின் தெரியாத பெண்கள் எனக்குக் கடிதம் எழுதினார்கள். ஒருத்தி தன் கையால் பின்னிய கையுறை அனுப்பினாள். ஹெல்யு அதைப் பிரித்துப் பார்த்துவிட்டு ஆணியில் மாட்டினாள். நான் அதைப் போட்டுக்கொள்ளவில்லை.

பகலில் மரத்தடிக்குப் போய், ஓரமாக நின்று முகத்தைத் திருப்பிக்கொண்டு வெட்டுவாயில் தார் பூசினேன். வண்டுக்கு மருந்து அடித்தேன். ஏணி வைத்து ஏறி இரும்புக் கம்பி கட்டினேன். சிலுவை இல்லாத பக்கமாகத்தான் ஏறினேன்.

ஹெல்யு வழக்கம் போல ஞாயிற்றுக்கிழமைகளில் கல்லறைக்கு நடந்து போனாள். நான்கு கிலோமீட்டர். நான் கூடப் போவதில்லை. எனக்குப் பயணிகள் இருந்தார்கள்.

மே மாதம் பழைய பால்பண்ணைக் கட்டடத்தில் கூட்டம் போட்டார்கள். நாற்பது பேருக்கு மேல் வந்தார்கள். அருங்காட்சியகத்திலிருந்து ஒருவர் வந்து, உச்சியைக் கழித்துவிட்டு நான்கு மீட்டர் தண்டை மட்டும் நிறுத்தி வைக்கலாம் என்றார். இரும்புக் கால் கொடுத்தால் முப்பது வருஷம் நிற்குமாம். பக்கத்தில் பலகை வைத்து வழக்கத்தை மூன்று மொழிகளில் எழுதலாம். பயணிகளுக்கும் நல்லது.

செத்த மரத்துக்குக் காவல் காக்கும் சக்தி இருக்குமா என்று ஒரு கிழவர் கேட்டார். கொஞ்ச நேரம் அதிலேயே வாதம் ஓடியது. எல்மார் எழுந்தான்.

“நின்னாப் போதும்யா. இந்த ஊர்ல பாதிப் பேரு அப்படித்தான் நிக்கிறோம்.”

எல்லோரும் சிரித்தார்கள். எனக்கும் சிரிப்பு வந்தது. இரண்டு மாதத்தில் முதல் தடவை மூச்சு சீராக வந்தது.

மெர்லே பின்வரிசையைப் பார்த்து, ஹெல்யு ஏதாவது சொல்ல விரும்புகிறாளா என்று கேட்டாள். ஹெல்யு எழுந்திருக்கவில்லை.

“எம்புள்ளைய ரெண்டு வருஷமா ரோட்டுல நிறுத்தி வெச்சிருக்கீங்க. இப்ப பலகை வேற.”

யாரும் அவள் பக்கம் திரும்பவில்லை. தாயின் வேதனை என்று அருங்காட்சியகத்துக்காரர் மெதுவாகச் சொன்னார். கை தூக்கி வாக்கெடுப்பு நடந்தது. மரம் நிற்க வேண்டும் என்று முப்பத்தெட்டு கைகள். பிறகு வரிசையாக வந்து என்னிடம் கை குலுக்கினார்கள். எல்மார் தோளில் தட்டி, நீ இவ்வளவு பெரிய ஆள் என்று தெரியாமல் போச்சே என்றான்.

உச்சியைக் கழித்த அன்று போய்ப் பார்த்தேன். ஆளை உயரத்துக்குத் தூக்கும் வண்டியில் நின்று ரம்பத்தால் துண்டு துண்டாக இறக்கினார்கள். கடைசியில் சாலையோரம் ஒரு கம்பம் மட்டும் நின்றது. நடுவில் என் சிலுவை. மேலே கிளைகள் இல்லாமல் முன்னைவிடப் பெரிதாகத் தெரிந்தது. தார் பூசியதில் கறுத்திருந்தது.

வீட்டுக்கு வந்தபோது ஹெல்யு சமையலறையில் உட்கார்ந்திருந்தாள். அடுப்பில் ஒன்றும் இல்லை. மேசையில் ஒரு கடிதம் இருந்தது. ரிகாவிலிருந்து. படகில் போன நான்கு பேரில் ஒரு பெண் எழுதியது. தேதி போன வருஷ அக்டோபர். ஹெல்யு அதை எனக்குக் காட்டியதே இல்லை.

“இதுல என்ன எழுதியிருக்கு தெரியுமா? படகை அவுக்கறப்ப ரய்கோ கை நடுங்கிச்சாம். குளிருதான்னு கேட்டாளாம். ஆமான்னானாம்.”

நான் நாற்காலியில் உட்கார்ந்தேன்.

“ஆசைப்பட்டுப் போறவனுக்குக் கை எதுக்கு ஆகோ நடுங்குது?”

“குளிரத்தான் செஞ்சுது. ஏப்ரல் மாசம்.”

“அன்னைக்கு என்ன பேசிக்கிட்டீங்க? ஒருவாட்டி சொல்லு. நான் கோவிச்சுக்க மாட்டேன்.”

“எத்தனை தடவ சொல்றது? வேணாம்னேன். கேக்கல. போயிட்டான்.”

அவள் கடிதத்தை மடித்து உறையில் போட்டாள்.

“சரி. நீ சொல்ல மாட்டே. அவன் வந்தாச் சொல்லுவான்னு பாத்தேன். அதையும் நீ விடல.”

மறுநாள் காலையில் பெட்டி கட்டினாள். தேவாலயத்தில் ஆர்மோனியம் வாசிக்கும் வில்மாவின் வீட்டில் மாடியறை காலியாக இருந்தது. அங்கே ஜன்னலைத் திறந்தால் கல்லறை தெரியும். அதற்கும் எங்கள் வீட்டுக்கும் நடுவில் அந்த மரம். பெட்டி கனமாக இருந்ததால் வண்டியில் கொண்டுவிடச் சொன்னாள். சண்டை போடவில்லை. அடுத்த வாரம் வரும் ஜெர்மன்காரர்களுக்கு ரொட்டி எங்கே வாங்குவது, போர்வைகள் எந்த அலமாரியில் என்று வழியில் சொல்லிக்கொண்டு வந்தாள்.

மரம் கண்ணில் பட்டதும் என் கால் தானாகப் பிரேக்கை மிதித்தது. மரத்துக்கு இருபது மீட்டர் முன்னால் வண்டி நின்றது. பலகைக்குத் தோண்டிய இரண்டு குழிகளில் தண்ணீர் நின்றிருந்தது.

“என்ன?” என்றாள்.

“நான்தான் அனுப்பினேன்.”

அவள் முன்கண்ணாடியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“எல்மார் வீட்டுல குடிச்சிட்டு வந்து எந்திரிக்க முடியாமக் கிடந்தேன். திருப்பி அனுப்பிடலாம்னுதான் அவன் சொன்னான். தண்ணியப் பாத்து நடுங்குறவன்னு திட்டி அனுப்பினேன்.”

“அதுக்கு அவன் என்ன சொன்னான்?”

“ஒண்ணும் சொல்லல. கொஞ்ச நேரம் நின்னான்.”

“நீ திரும்பிப் பாத்தியா?”

“இல்ல. சுவரப் பாத்துப் படுத்திருந்தேன்.”

ஒரு லாரி எங்களைத் தாண்டிப் போனது. ஓட்டுபவன் எனக்குக் கையசைத்தான். பத்திரிகையில் படம் வந்ததிலிருந்து எல்லோரும் கையசைக்கிறார்கள். ஹெல்யு கதவைத் திறந்து இறங்கினாள். பின்னால் போய்ப் பெட்டியை எடுக்கப் பார்த்தாள். நான் இறங்கி எடுத்துக் கொடுத்தேன்.

“இன்னும் மூணு கிலோமீட்டர் இருக்கு. வில்மா வீடு வரைக்கும் கொண்டு வந்து விடுறேன்.”

“வேணாம்.”

“ஹெல்யு, சொல்லிட்டேன்ல. மரத்த நாளைக்கே வெட்டச் சொல்றேன். நானே கையெழுத்துப் போடுறேன்.”

அவள் என்னைப் பார்த்தாள். கோபம் இருந்தால் எனக்குத் தெரிந்திருக்கும். முப்பது வருஷம் கூட வாழ்ந்தவள்.

“அது நிக்கட்டும். அவன் ஏன் அங்க வரணும்? நீ இருக்கற வீட்டுக்கு?”

பெட்டியைத் தூக்கிக்கொண்டு நடந்தாள். மரத்தடியில் நிற்பாள் என்று நினைத்தேன். நிற்கவில்லை. மரத்தைத் தாண்டிய பிறகு ஒரு தடவை பெட்டியைக் கீழே வைத்துக் கை மாற்றிக்கொண்டாள். வளைவில் மறைந்துவிட்டாள்.

அந்தச் சாலை குறுகலானது. இரண்டு பக்கமும் பள்ளம். வண்டியைத் திருப்ப வேண்டுமென்றால் மரத்தைத் தாண்டி நூறு மீட்டர் போக வேண்டும். அங்கே பஸ் திரும்பும் இடம் இருக்கிறது. நான் மரத்தைத் தாண்டவில்லை. சாவியைத் திருகி, கழுத்தைத் திருப்பிப் பின்கண்ணாடி வழியே பார்த்துக்கொண்டு, எங்கள் வீட்டுப் பாதை பிரியும் இடம் வரை ஒரு கிலோமீட்டரும் பின்னாலேயே ஓட்டி வந்தேன்.