வெள்ளிக்கிழமை தப்பிய நகம்

கள்ளக்குறிச்சியில் செருப்புக் கடை வைத்திருந்த மஜீதின் கால் பெருவிரல் நகம் மஞ்சளாகத் தடித்து, மாட்டுக் குளம்பையே வெட்கப்பட வைத்தது. அதைப் பார்த்த வாடிக்கையாளர்கள் சின்னசேலம் வரை திரும்பிப் பார்க்காமல் ஓடினார்கள். காலைக் காலுறைக்குள் ஒளித்தார். களிம்புகளெல்லாம் தோற்றபின் டாக்டரம்மாவிடம் போனார்.

"நகத்துண்டைப் பரிசோதிச்சு, பூஞ்சைதான்னு தெரிஞ்சாத்தான் மாத்திரை. ஒட்ட வெட்டிட்டீங்களே! வளர்த்துட்டு வாங்க."

வெள்ளிக்கிழமை ஜும்மா தொழுகைக்குக் குளிக்கும் முன் நகம் வெட்டுவது மஜீதின் நாற்பது வருஷப் பழக்கம். மூன்று வெள்ளி, கை தானாக வெட்டிவிட்டது. நான்காம் வாரம் நகவெட்டியை மனைவி ஷர்புன்னிசாவிடம் ஒப்படைத்தார்.

"கால்ல வுழுந்து கேட்டாலும் தராத!"

வெள்ளியன்று காலை வீட்டையே தலைகீழாகப் புரட்டினார்.

"இன்னாங்க தேடுறீங்க? அது என் முந்தானையில கீது. போய்க் குளிங்க!"

நகம் பிழைத்தது, பரிசோதனையில் பூஞ்சை அகப்பட்டது.

"மாத்திரை மூணு மாசம். நகம் முழுசா மாற ஒரு வருஷத்துக்கு மேல ஆகும்."

"ஆவட்டும் டாக்டரம்மா! நான் வுடறதா இல்ல."

ஐந்தாம் மாதம் அடியில் அரிசியளவு சுத்தமான நகம் எட்டிப் பார்த்தது. மஜீத் அன்றே காலுறையைக் கழற்றி எறிந்துவிட்டு, வாடிக்கையாளர் முன் காலை நீட்டினார்.

"மீதியும் வந்துகினு கீதுங்க. நீங்க செருப்பைப் பாருங்க!"