குனிந்தால் கொட்டும் கடல்

ஞாயிறு மத்தியானம் நான் கொரட்டூர் வீட்டுக்குத் திரும்பியபோது, முந்தின நாள் தபாலில் வந்த பத்திரிகையை ஜெயப்பிரியா விரித்து வைத்திருந்தாள். என் கதை இருந்த பக்கம். என் மனைவி என் கதைகளைப் படிப்பதில்லை. அந்தத் தைரியத்தில்தான் இத்தனை நாள் எழுதிக்கொண்டிருந்தேன்.

"இதுல வர்ற தசரதன் யாரு?"

"அம்பத்தூர்ல தகடு அடிக்கற பிரஸ் ஷாப்ல வேல பாக்கறவரு. கற்பனைதான்."

"கடலையே பாக்காத ஆளுன்னு எழுதிகீறீங்க. ரிஜிஸ்டர்ல கையெழுத்துப் போடக் குனிஞ்சா அவரு மூக்குலேர்ந்து ஏன் உப்புத்தண்ணி கொட்டுது?"

அந்த வரி எப்படி உள்ளே வந்தது என்று எனக்கே புரியவில்லை. கடல் வரவே கூடாது என்று பார்த்துப் பார்த்து எழுதிய கதை அது. போன வருஷம் கோவளத்தில் அலைச்சறுக்குப் பலகை திருப்பி அடித்து நெற்றியில் ஆறு தையல். இனி அலையில் ஏறமாட்டேன் என்று ஆஸ்பத்திரியிலேயே மகள் வர்ஷாவின் தலையில் அடித்துச் சத்தியம் செய்தேன். நான்கு மாதம் தாக்குப்பிடித்தேன். அப்புறம் ஞாயிறு ஷிப்ட் என்று சொல்லிவிட்டு விடியற்காலையில் பைக்கை எடுக்க ஆரம்பித்தேன். இன்றைக்கும் அங்கிருந்துதான் வருகிறேன். அலையில் கவிழ்ந்தால் தண்ணீர் மூக்குக்கு மேலே எங்கேயோ போய் உட்கார்ந்துகொள்ளும். நாலு மணி நேரம் கழித்து, எல்லாம் மறந்தபிறகு, குனிந்தால் குழாயைத் திறந்த மாதிரி கொட்டும். விழுந்தவனுக்குத்தான் அது தெரியும். பூசணிக்காயைச் சோற்றில் மறைத்துவிட்டு, காம்பை வெளியே விட்டிருக்கிறேன்.

"போன வாரம் சாப்புடக் குனிஞ்சப்ப உங்களுக்கும் அப்படித்தான் கொட்டிச்சு."

"அது ஜலதோஷம்."

"இன்னா ஜலதோஷம் அது, ஞாயித்துக்கெழம மட்டும் வருது?"

என்னைக் காப்பாற்றப் பொய் சொல்கிறேனா, கடலை விட முடியாமல் சொல்கிறேனா என்று குழப்பமாக இருந்தது. பயமாகவும் இருந்தது. சத்தியம் குழந்தை தலைமேல் அல்லவா?

வர்ஷா ஷூ மாட்டிக்கொண்டு வந்தாள். மாடி வீட்டில் யாருக்கோ பிறந்தநாள்.

"அப்பா, கட்டி வுடு."

"கட்டி வுடுங்க," என்றாள் ஜெயப்பிரியா. பத்திரிகையை மூடி வைத்துவிட்டு என்னையே பார்த்தாள்.

தளும்பும் குடத்தைத் தூக்கியவன்போல் கழுத்தை நிமிர்த்தியபடியே மண்டியிட்டேன். பார்க்காமலே நாடாவைத் தடவினேன். விரலுக்கு அகப்படவில்லை.

"கீழ பாருப்பா," என்று சொல்லிவிட்டு வர்ஷாவே குனிந்தாள். அவளுடைய வகிடு என் மூக்குக்கு நேர் கீழே இருந்தது.