படுத்துப் பார்த்த விளக்கு

அந்த ஹோட்டலில் நாற்பது அறைகள். நாற்பதையும் சுத்தம் செய்தபின் கடைசியாகப் பார்த்து 'சரி' சொல்கிறவளுக்குக் கழுகு என்று பெயர். வாஷ்பேசினில் ஒற்றை முடி கிடந்தாலும் வாசலில் நின்றபடியே கண்டுபிடித்துவிடுவாளாம். கண்டுபிடித்தாள்தான், யார் இல்லை என்றார்கள்? அதெல்லாம் போன வருஷத்தோடு சரி. எட்டு மாதமாக இரண்டு கண்ணிலும் புரை. டாக்டர் ஆபரேஷன் என்றார். வெளியே தெரிந்தால் வேலை போய்விடும் என்று பயந்து, முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்துக்கொண்டு திரிந்தாள். படுக்கை விரிப்பை உள்ளங்கையால் தடவிப் பார்த்தாள், குழாயை விரலால் தேய்த்துப் பார்த்தாள். புகார் ஒன்றும் வரவில்லை. கண் போனால் என்ன, கை இருக்கிறதே என்று கொஞ்சம் கர்வம்கூட வந்திருந்தது.

இந்த நேரம் பார்த்துத்தானா முதலாளியம்மாவுக்கு எல்லா அறைக்கும் விளக்கு மாற்ற ஆசை வரவேண்டும்! லைட்டுக்கடைக்காரர் இரண்டு அறைகளில் மாதிரிக்கு மாட்டிக் கொடுத்தார். ஒன்றில் கூரை நடுவே பளீரென்ற வெள்ளை. மற்றதில் சுவரோரமும் தலைமாட்டிலும் இதமான மஞ்சள்.

"எனக்கு இதெல்லாம் புரியாதுக்கா. பத்தொன்பது வருஷமா இந்த ரூமுங்களோட மல்லுக்கட்டறவங்க நீங்க. நீங்க எதைச் சொல்றீங்களோ அதுதான்" என்றாள் முதலாளியம்மா.

கழுகு முதலில் மஞ்சள் அறைக்குள் போனாள். விரிப்பு எது, தலையணை எது என்றே தெரியவில்லை. வெள்ளை அறைக்குப் போனாள். அப்பாடா! தரையில் கல்லுக்கும் கல்லுக்கும் நடுவே ஓடும் கோடாவது தெரிந்தது.

"வெள்ளைதாம்மா. அழுக்கு பளிச்சுனு தெரியும். மஞ்சள்ல என்னத்தைக் கண்டுபிடிக்கிறது?"

"அண்ணி சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்று பக்கத்தில் நின்ற கழுகின் நாத்தனார் ஒத்து ஊதினாள். அவளுக்கும் அதே ஹோட்டலில்தான் வேலை, அறை துடைப்பது.

லைட்டுக்கடைக்காரருக்கு மனசு ஒப்பவில்லை. "நின்னுக்கிட்டே பார்த்தா எப்படிங்க? வர்றவங்க நிக்கவா வர்றாங்க? படுத்துப் பாருங்க."

கழுகு திடுக்கிட்டாள். அறை வேலை செய்கிறவர்கள் கட்டிலில் உட்காரவே கூடாது. அந்தச் சட்டத்தைக் கட்டிக் காத்தவளே அவள். ஒருமுறை அசதியில் ஓரமாக உட்கார்ந்துவிட்ட நாத்தனாரை, உறவென்றும் பாராமல், எல்லார் முன்னாலும் நார் நாராகக் கிழித்திருக்கிறாள்.

"நான்தானே சொல்றேன், படுங்கக்கா" என்றாள் முதலாளியம்மா.

செருப்பைக் கழற்றிவிட்டுப் படுத்தாள். வெள்ளை வெளிச்சம் நேராகக் கண்ணுக்குள் இறங்கியது. இமையை மூடினாலும் விடவில்லை. சே, இது என்ன தண்டனை! அடுத்து மஞ்சள் அறையில் படுத்தாள். முதுகு தானாகத் தளர்ந்தது. ஆயிரம் தடவை விரித்த கட்டில் இவ்வளவு சுகமாக இருக்கும் என்று அவளுக்குத் தெரியவே தெரியாது. நாளெல்லாம் பயணம் பண்ணி அலுத்து வருகிறவர்களுக்கு இதைக் கொடுக்காமல் அதைக் கொடுப்பதா? மனசாட்சி குத்தியது. எழுந்து உட்கார்ந்தாள்.

"மஞ்சளே போடுங்கம்மா."

"இப்பத்தானே வெள்ளைன்னீங்க?"

"அது எனக்காகச் சொன்னது. எனக்குக் கண்ணு சரியாத் தெரியலைம்மா. எட்டு மாசமாச்சு."

முதலாளியம்மா அசந்துபோனாள். "எட்டு மாசமாவா? ஒரு புகார்கூட வரலையேக்கா!"

"கையாலயே பார்த்துடுவேன்." அந்த நிலைமையிலும் கழுகு சற்று நிமிர்ந்துதான் சொன்னாள்.

நாத்தனார் தலையைக் குனிந்துகொண்டாள். முதலாளியம்மா அவளையே பார்க்கவும், மென்று விழுங்கினாள். "அண்ணி பார்த்துட்டுப் போனதும், நான் மறுபடி ஒரு சுத்து பார்த்துடுவேன்மா."

கழுகுக்கு முதலில் வந்தது கோபம்தான். "உனக்கு எப்படிடி தெரியும்?"

"டீக் கறை பட்ட விரிப்பைத் தடவிட்டு, நல்லா இருக்குன்னு சொன்னீங்களே, அன்னைக்கே தெரியும்."

"சொல்லித் தொலைக்கறதுக்கென்ன?"

"சொன்னா மறுநாள் வேலைக்கு வருவீங்களா? உங்களை எனக்குத் தெரியாதா?"

கறையைக் கை எப்படிப் பார்க்கும்? இந்தச் சின்ன விஷயம் எட்டு மாதமாகத் தனக்குத் தோன்றவே இல்லையே என்று கழுகு கூனிக் குறுகிப்போனாள். வேலை போகும் பயத்தைவிட இந்த வெட்கம் பெரிதாக இருந்தது.

"முதல்ல ஆபரேஷனை முடிங்க. அதுவரைக்கும் இவங்க பார்த்துக்கட்டும். திரும்பி வந்தா உங்க வேலை உங்களுக்குத்தான்" என்று சொல்லிவிட்டு முதலாளியம்மா கடைக்காரரோடு வெளியே போனாள்.

"தினமும் எத்தனை அழுக்கைப் பார்க்காம விட்டேன்?" என்று கேட்டாள் கழுகு.

"அதை விடுங்க அண்ணி."

"சொல்லுடி."

"அஞ்சாறு இருக்கும்."

"நாற்பது ரூமுக்கு அஞ்சாறா? அவ்வளவு மோசமில்லையே."

நாத்தனார் தலையணையைச் சரிசெய்தாள். பிறகு மெல்லச் சொன்னாள்: "ஒரு ரூமுக்கு அண்ணி."

கழுகு அவள் கையைப் பிடித்துக்கொண்டு வாய்விட்டு அழுதாள்.