இருவருக்குமாக அழித்தது

காலையில் மருந்துக்கடைக்குக் கிளம்பும் அவசரத்தில் வாந்தா ஒரு காலில் பூட்ஸை மாட்டி, மறு காலுக்குத் தேடிக்கொண்டிருந்தபோது வாசல் மணி அடித்தது. அந்த நேரத்தில் மணி அடித்தால் எங்கள் ஊரில் முதலில் போனைத் தேடுவார்கள், பிறகுதான் சாவியை. அவளும் போனைத்தான் எடுத்துப் பார்த்தாள். இருக்கக்கூடாத செய்தியை எல்லாம் நேற்று இரவே துடைத்தாயிற்று. கதவைத் திறந்தாள்.

"பயப்படாதீங்க, வாந்தா கசிமிரவ்னா," என்று அப்பா பெயரையும் சேர்த்து மரியாதையாகச் சொன்னான் வாசலில் நின்ற போலீஸ்காரன். "எதிர்வீட்டுல சோதனை. அக்கம்பக்கத்துலேருந்து ரெண்டு பேர் சாட்சிக்கு நிக்கணும்னு சட்டம். பார்த்துக்கிட்டு நிக்கணும், கடைசியில கையெழுத்து. அரை மணி நேரம்தான்."

எதிர்வீடு என்றால் ரெகினா. பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். இரண்டு வீட்டிலும் ஊறுகாய் ஜாடிகள் யாருடையவை என்ற கணக்கே இல்லாமல் போய் வெகுகாலம் ஆகிறது. எதற்குச் சோதனை என்று கேட்க வேண்டிய தேவையே வாந்தாவுக்கு இல்லை.

விஷயம் இதுதான். போன வாரம் வாந்தா டெலிகிராமில் ஒரு படம் பார்த்தாள். புது ஆஸ்பத்திரித் திறப்பு விழா. ரிப்பன் வெட்டிய பெரிய மனிதர்கள் போன மறுநாளே மழை பெய்து, கூரை ஒழுகி, தாழ்வாரம் நெடுக வாளி வைத்திருக்கிறார்கள். படத்தின் மூலையில் அதை வெளியிட்ட சேனலின் முத்திரை. அரசாங்கம் 'தீவிரவாதம்' என்று தடைபோட்ட சேனல். பார்ப்பதும் பரப்புவதும் குற்றம், அதில் சேர்ந்திருப்பது பெருங்குற்றம். வாந்தா அதை ரெகினாவுக்கு அனுப்பினாள். இரண்டு பேரும் ஆளுக்கொரு வீட்டில் உட்கார்ந்து சிரித்தார்கள். அதோடு விட்டிருக்கலாம். ஆனால் ரெகினாவுக்குச் சிரிப்பு அடங்கவில்லை. வயதானவர்கள் பேரக்குழந்தை படம் போடும் அந்த வலைத்தளத்தில், தன் சொந்தப் பெயரில், முத்திரையோடு படத்தைப் போட்டு, "ரிப்பன் வெட்டின கத்தரிக்கோலாலேயே கூரையையும் வெட்டிட்டாங்க போல" என்று எழுதினாள்.

கடையில் வாந்தாவோடு வேலை பார்க்கும் பெண்கள் தினமும் பல் தேய்ப்பது மாதிரி போனைத் துடைப்பார்கள். ரெகினா போட்டதை நேற்று இரவு பார்த்ததும் வாந்தாவும் துடைத்தாள். அந்தச் செய்தியின் மேல் விரலை வைத்தால் போன் கேட்கும்: உன்னிடம் மட்டும் அழிக்கவா, இருவருக்குமாகவா? வாந்தா இருவருக்குமாக அழித்தாள். ரெகினாவைக் கூப்பிட்டு, "எடுத்துடுடி அதை" என்று சொல்லியிருக்கலாம். நாளைக்குச் சொல்லலாம் என்று இருந்தாள். தன்னுடைய வால் தப்பியதும் பிறத்தியார் வால் அவ்வளவு அவசரமாகத் தெரிவதில்லை.

எதிர்வீட்டு வாசலில் மூன்று போலீஸ்காரர்கள். இன்னொரு சாட்சியாகக் கீழ்த்தளத்து மிகோலா, வீட்டுச் செருப்போடு நின்று கொட்டாவி விட்டுக்கொண்டிருந்தார். ரெகினா அங்கியை இறுக்கிக் கட்டியபடி நடுக்கூடத்தில் நின்றாள். வாந்தாவைப் பார்த்ததும் அவள் முகத்தில் ஒரு தெம்பு வந்தது.

"நான்தான் உன்னைக் கூப்பிடச் சொன்னேன்," என்றாள். "யாரையோ நிறுத்தறதுக்குப் பதிலா நீ நின்னா எனக்குத் தைரியமா இருக்கும்."

வாந்தா தலையை ஆட்டினாள்.

வந்தவர்களில் பெரியவன் ஆர்சியோம். ரெகினாவிடம் கணக்குப் படித்தவன்.

"ஷூவைக் கழட்டு, ஆர்சியோம். வீடு துடைச்சிருக்கு."

"டீச்சர், நாங்க டியூட்டியில..."

"டியூட்டிக்கு எதுக்குச் சேறு?"

அவன் கழற்றினான். மற்ற இருவரும் கழற்றினார்கள். காலுறையோடு அலமாரியைக் குடைந்தார்கள், மெத்தையைப் புரட்டினார்கள், மாவு டப்பாவுக்குள் கரண்டியை விட்டுப் பார்த்தார்கள். ஒன்றும் இல்லை. கடைசியில் ஆர்சியோம் ரெகினாவின் போனை எடுத்துக்கொண்டு சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்தான்.

"டீச்சர், இந்தப் படம் உங்களுக்கு எப்படி வந்துச்சு? யாராவது அனுப்பினதுன்னா அபராதத்தோட போயிடும். அனுப்பினவங்களுக்கும் அபராதம்தான். நீங்களே அந்தச் சேனல்ல சேர்ந்து எடுத்ததுன்னா அது வேற வழக்கு. ஜெயில்."

ரெகினா தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அவன் ஒவ்வொரு பெயராகத் திறந்து பார்த்துக்கொண்டு வந்தான். வாந்தாவின் பெயர் வந்ததும் ரெகினாவின் கை அங்கியின் முடிச்சைப் பிடித்துக்கொண்டதை வாந்தா பார்த்தாள். தனக்காகத்தான் அவள் பயப்படுகிறாள் என்பது புரிந்தபோது, ஓடிப்போய் எங்காவது ஒளிந்துகொள்ளலாம் போல இருந்தது.

"பாருங்க," என்றான் ஆர்சியோம், வாந்தா பக்கம் திரும்பி. "வெள்ளரிக்கா நாத்து, பீட்ரூட் சூப்பு, முட்டிவலிக்கு மாத்திரை. ஒரு வேண்டாத படம் கிடையாது. எல்லாரும் உங்கள மாதிரி இருந்தா எங்களுக்கு வேலையே இல்ல, வாந்தா கசிமிரவ்னா."

ரெகினா நிமிர்ந்தாள். முதலில் அப்பாடா என்ற நிம்மதி. அடுத்த நொடியே கணக்கு டீச்சருக்குக் கணக்குப் புரிந்துவிட்டது. வந்த செய்தி தானாகவா காணாமல் போகும்? அவள் வாந்தாவைப் பார்த்தாள்.

"யாரும் அனுப்பலையே, டீச்சர்," என்றான் ஆர்சியோம், குரலைத் தணித்து. "யாராவது அனுப்பியிருந்தா இப்பவே சொல்லிடுங்க. நான் எழுதற வரைக்கும்தான்."

ரெகினா காத்திருந்தாள். கரும்பலகை முன்னால் நிற்கும் பிள்ளை விடை சொல்லட்டும் என்று பொறுமையாக நிற்பாளே, அப்படி நின்றாள். நான்தான் அனுப்பினேன். இரண்டே வார்த்தை. வாந்தாவின் தொண்டை வரைக்கும் அது வந்தது. அபராதம்தான் என்று அவன் வாயாலேயே சொல்லிவிட்டான். ஆனால் அபராதம் என்று சொல்லிக் கூட்டிப்போய்த் திரும்பாதவர்கள் இல்லையா? கடையில் வேலை போகாதா? இப்படி அவள் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தபோதே ரெகினா வாயைத் திறந்தாள்.

"நானேதான் எடுத்தேன். அந்தச் சேனல்ல இருந்தேன். அப்புறம் விலகிட்டேன். எழுதிக்கோ."

எழுதினான். மிகோலா கையெழுத்துப் போட்டார். வாந்தாவும் போட்டாள். எப்போதும் போலத் தெளிவாக விழுந்த அந்தக் கையெழுத்தைப் பிற்பாடு நினைத்து நினைத்து அவள் அவமானப்பட்டாள்.

பதினைந்து நாள் உள்ளே வைத்துவிட்டு, ஊரைவிட்டுப் போகக்கூடாதென்று எழுதி வாங்கிக்கொண்டு, வழக்கு நடக்கும்வரை ரெகினாவை வீட்டுக்கு அனுப்பினார்கள். பள்ளிக்கூடம் அவளை நீக்கிவிட்டது. கன்னம் ஒட்டி, இருமலும் தலையில் பேனுமாக வந்திருந்தாள். வாந்தா கோழிச் சூப்பும் பேன் மருந்தும் எடுத்துக்கொண்டு போனாள். அவள் தலையைப் பின்னாலிருந்து வாரிவிடும்போதுதான், முகம் தெரியாத அந்தத் தைரியத்தில், சொன்னாள்.

"நான்தான் அழிச்சேன். உன் போன்லயும் சேர்த்து."

"தெரியும்."

"அன்னைக்கு நான் வாயைத் திறந்திருந்தா..."

"தெரியும்டி. காத்திருந்தேனே." ரெகினா கொஞ்ச நேரம் இருமினாள். "உள்ள ஒரு கட்டில்ல மாத்தி மாத்திப் படுத்தோம். படுக்க இடமில்லாதப்ப உன்னைத் திட்டுவேன். இடம் கிடைச்சதும் தூங்கிடுவேன்."

வாந்தாவுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. "நாளைக்கே போறேன். ஆர்சியோம்கிட்ட எல்லாத்தையும் சொல்லிடறேன்."

ரெகினா சட்டென்று திரும்பினாள். சீப்பு முடியில் சிக்கித் தொங்கியது.

"பைத்தியமா உனக்கு? இப்பப் போய்ச் சொன்னா நான் பொய் வாக்குமூலம் குடுத்ததா ஆகும். நாம ரெண்டு பேரும் பேசி வெச்சுக்கிட்டு அழிச்சோம்னு ஆகும். ரெண்டு பேர் சேர்ந்தா கூட்டம்பானுங்க, கும்பல்பானுங்க, வருஷத்தை ஏத்துவானுங்க. சொல்றதுக்கு ஒரு நேரம் இருந்துச்சு. அது போச்சு. கோர்ட்ல உன்னைக் கூப்பிடுவாங்க. அன்னைக்குப் பார்த்ததை மட்டும் சொல்லு."

"எனக்குத் தாங்கல, ரெகினா."

"உனக்குத் தாங்கறதுக்காக நான் இன்னும் ஒரு வருஷம் கூடுதலா உள்ள இருக்கணுமா?"

வாந்தா சீப்பை எடுத்து மறுபடி வாரத் தொடங்கினாள்.

வழக்கு நாளன்று, எங்கள் ஊர் வழக்கப்படி, ரெகினா பையோடு வந்தாள். வீட்டுக்குத் திரும்புவோமா, அங்கிருந்தே கொண்டுபோவார்களா என்று யாருக்குத் தெரியும்? கம்பளிக் காலுறை, பல் தூரிகை, இருமல் மருந்து, சோப்பு எல்லாம் வாந்தாதான் அடுக்கியிருந்தாள்.

வாந்தாவை எழுப்பி நிறுத்தினார்கள். நீதிபதி அவளைவிட இளைய பெண்.

"படத்தை அந்தச் சேனலிலிருந்து தானே எடுத்ததாக அவர் சொன்னது உங்கள் முன்னிலையிலா?"

"ஆமாம்."

"யாரும் மிரட்டவில்லையே?"

"இல்லை."

"வேறு யாரும் அனுப்பியதாக அவர் சொன்னாரா?"

"சொல்லவில்லை."

அத்தனையும் உண்மை. ஒரு சொல்லைக்கூடப் பொய் என்று எவராலும் சொல்ல முடியாது. வாந்தா ரெகினா பக்கம் பார்த்தாள். திட்டுகிற மாதிரி ஒரு பார்வை பார்த்திருந்தால்கூடப் பிடித்துக்கொள்ள ஏதோ கிடைத்திருக்கும். ரெகினாவோ, சரியாகச் சொன்னாய் என்பது போலத் தலையை அசைத்தாள்.

ஒன்றரை வருடம். ஆர்சியோம் வந்து பையை வாங்கிக்கொண்டான். "நானே தூக்கிக்கறேன்பா," என்றாள் ரெகினா. "பள்ளிக்கூடத்துலேருந்தே உன் முதுகு நேராவே நிக்கமாட்டேங்குது." இருவரும் பக்கவாட்டுக் கதவு வழியாகப் போனார்கள்.

வாந்தா வெளியே வந்தபோது எழுத்தர்ப் பெண் பின்னாலேயே ஓடிவந்தாள். "நில்லுங்க வாந்தா கசிமிரவ்னா, இதை மறந்துட்டுப் போறீங்களே. சாட்சி சொல்ல வந்ததுக்கு அத்தாட்சி. கடையில காட்டுங்க, இன்னைக்குச் சம்பளம் பிடிக்கமாட்டாங்க."

வாந்தா நன்றி சொல்லி, அதை வாங்கி, கசங்காமல் மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டாள்.