இருபத்தாறு மில்லிமீட்டர்

பள்ளி மைதானத்தின் நடுவில் ஒரு பாட்டில். கழுத்தை அறுத்து, அந்தக் கழுத்தையே தலைகீழாகக் கவிழ்த்து வைத்த பாட்டில். உள்ளே வெயில்.

வேறொன்றும் இல்லை. ஜூன் முழுக்க வெயில். ஜூலை முழுக்க வெயில்.

அதற்கு மழைமானி என்று பெயர். ஏழாம் வகுப்புப் பிள்ளைகளிடம் அப்படித்தான் சொல்லியிருந்தேன். சொல்லும்போது எனக்கே கொஞ்சம் வெட்கமாக இருந்தது.

அடியில் சிமென்ட் குழைத்து ஊற்றிச் சமன் செய்தோம். பக்கவாட்டில் அளவுகோல் ஒட்டினோம். காற்றில் சாயாதிருக்கச் சுற்றிலும் நான்கு செங்கல். வேப்பமரத்து நிழல் விழாத இடமாகப் பார்த்து வைத்தவன் தவசிமணி. மழை விழுமா என்பதைப் பற்றி அவன் ஒன்றும் சொல்லவில்லை.

தினமும் காலை எட்டரை மணிக்கு ஒருவர். முறை வைத்து. குத்துக்காலிட்டு உட்கார வேண்டும். கண்ணை நீர்மட்டத்துக்கு நேராக வைக்க வேண்டும். கண்டதை வராந்தாச் சுவரில் இருக்கும் சார்ட்டில் எழுத வேண்டும்.

எழுதினார்கள். பூஜ்யம். பூஜ்யம். பூஜ்யம்.

பூஜ்யத்தை இவ்வளவு வட்டமாக எழுதப் பழகிய வகுப்பு இந்த மாவட்டத்தில் வேறு இருக்காது.

*

நான் கும்பகோணம் பக்கம். எங்கள் ஊரில் தண்ணீர் வாய்க்காலில் வரும். மடை திறந்தால் வயல். மழை என்பது எங்களுக்குத் துணி காயாத சங்கடம், அவ்வளவுதான்.

இங்கே வேலைக்கு வந்து இரண்டாவது வருடம். பரமக்குடியில் அறை எடுத்துத் தங்கியிருக்கிறேன். காலை எட்டேமுக்காலுக்குப் பள்ளி வாசலில் பஸ் என்னை இறக்கிவிடும். சமூக அறிவியல் டீச்சர். கோபம் மூக்கு நுனியில். மற்றபடி நல்லவள்தான்.

புத்தகத்தை வாசித்துவிட்டு மணியடித்ததும் போய்விடும் டீச்சர் இல்லை நான். அதில் எனக்கு ஒரு கர்வம் உண்டு. பிள்ளைகள் தொட்டுப் பார்க்க வேண்டும், அளக்க வேண்டும், தாங்களே கண்டுபிடிக்க வேண்டும். அந்தக் கர்வத்துக்குப் பின்னால் கிடைத்ததையும் சொல்லத்தான் போகிறேன்.

*

முதலில் நூல்.

வகுப்புச் சுவரில் இந்திய வரைபடம். நம் ஊரில் ஒரு குண்டூசி. வீட்டிலிருந்து யார் எங்கே வேலைக்குப் போயிருக்கிறார்களோ, அங்கே இன்னொரு குண்டூசி. இரண்டுக்கும் நடுவே நூல்.

திருப்பூருக்குப் பதினோரு நூல். சென்னைக்கு எட்டு. சூரத்துக்கு இரண்டு. கத்தார் அந்த வரைபடத்தில் இல்லை. அதை ஜன்னல் கம்பியில் கொண்டுபோய்க் கட்டினோம்.

கார்த்தீஸ்வரியின் நூல் சிவப்பு. வாரங்கல் வரை போனது. அவள் அப்பா பூவலிங்கம் அங்கே ஒரு முறுக்குக் கம்பெனியில் மாவு பிசைகிறார். நூலை அவிழ்த்து அளந்து, வரைபட அளவோடு பெருக்கிப் பார்த்தாள். கிட்டத்தட்ட ஆயிரம் கிலோமீட்டர்.

அளந்து முடித்துவிட்டுச் சொன்னாள். "உழவு மழை பேஞ்சா வந்துருவேன்னு சொல்லிட்டுப் போயிருக்காக டீச்சர்."

பிறகு கேட்டாள். "உழவு மழைன்னா எத்தன மில்லிமீட்டர்?"

எனக்குத் தெரியவில்லை. புத்தகத்திலும் இல்லை. நாளைக்குக் கண்டுபிடிப்போம் என்று சமாளித்தேன்.

*

அடுத்த வாரம் மைதானத்து ஓரத்தில், கரிசல் மண்ணில், கட்டங்கள் வரைந்தோம். ஒவ்வொன்றும் ஒரு மீட்டர் நீளம், ஒரு மீட்டர் அகலம். அதில் ஒரு லிட்டர் ஊற்றினால் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்ததற்குச் சமம். இதை நான் சொன்னேன். மீதியெல்லாம் பிள்ளைகள் சொன்னது.

பத்து லிட்டர் ஊற்றினோம். மறுநாள் வெட்டிப் பார்த்தால் இரண்டு விரல்தான் ஈரம். இன்னொரு கட்டத்தில் இருபது. போதாது. குடத்துக்குக் குடம் சண்டை, சிரிப்பு, நனைந்த பாவாடைகள். அந்த வாரம் முழுக்க என் வகுப்பில் மட்டும் மழை பெய்தது.

எது போதும் என்று தீர்ப்புச் சொன்னவள் கார்த்தீஸ்வரி. ஈரமண்ணை எடுத்து உருண்டை பிடித்தாள். பெருவிரலால் நசுக்கினாள். "உருண்ட பிடிச்சா நிக்கணும், நசுக்குனா உதிரணும். அப்பத்தேன் ஏர் கட்டலாம்."

இருபத்தாறாவது லிட்டரில் உருண்டை நின்றது, உதிர்ந்தது. அரைச் சாண் ஈரம்.

சார்ட்டின் அடியில் கொட்டை எழுத்தில் எழுதினோம். எங்கள் ஊருக்கு ஓர் உழவு மழை, இருபத்தாறு மில்லிமீட்டர்.

அதைப் படம் பிடித்து ஊர் வாட்ஸ்அப் குழுவில் போட்டேன். திருப்பூர், சென்னை, சூரத், கத்தார், எல்லாரும் இருக்கும் குழு. கைதட்டல்கள் வந்து குவிந்தன. மழை விழுந்தால் அளவை இங்கேயே போடுகிறேன் என்று வாக்குக் கொடுத்தேன். கர்வம் என்றேன் அல்லவா, அதுதான்.

*

ஆகஸ்டிலும் வெயில். பூஜ்யம். பூஜ்யம்.

கார்த்தீஸ்வரியின் அம்மா வேலுத்தாய் ஒருநாள் பள்ளிக்கு வந்தார். கருவேல முள் கீறிய கைகள். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

"காலாண்டு முடிஞ்சதும் இவளுக்கு டீசி குடுத்துருங்க டீச்சர். இந்த வருசமும் மழையக் காணோம். வீட்டப் பூட்டிட்டு நாங்களும் அங்கயே போயிர்றோம். பாக்கெட் போடுற வேல இவளுக்கும் இருக்காம்."

பேசிப் பார்த்தேன். அவர் என்னைக் குறை சொல்லவில்லை. வானத்தையும் குறை சொல்லவில்லை. தலையை மட்டும் ஆட்டிவிட்டுப் போனார்.

கார்த்தீஸ்வரி ஜன்னல் பக்கம் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். நான் பார்த்ததும் கண்ணைச் சார்ட்டுக்குத் திருப்பிக்கொண்டாள்.

*

செப்டம்பரில் ஒரு வியாழக்கிழமை. பஸ்ஸிலிருந்து இறங்கினேன். சார்ட்டைப் பார்த்தேன்.

இருபத்தாறு.

ஓடிப்போய்ப் பாட்டிலைப் பார்த்தேன். தண்ணீர். வெயில் தண்ணீருக்குள் உட்கார்ந்து நடுங்கிக்கொண்டிருந்தது. எனக்குக் கண் கலங்கிவிட்டது. பரமக்குடியில் ஒரு சொட்டு இல்லை. ஆனால் இங்கே மழை ஒரு தெருவுக்குப் பெய்து மறு தெருவை விட்டுவிடும். தரை காய்ந்துதான் கிடந்தது. இந்த மண் குடித்துவிட்டது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

குனிந்து மண்ணைத் தொடவில்லை. தொட்டுப் பார், தொட்டுப் பார் என்று வருடம் முழுக்கக் கத்துகிற நான், தொடவில்லை.

படம் எடுத்துக் குழுவில் போட்டேன். வந்துவிட்டது நம் மழை!

கால் மணி நேரம் கழித்துப் பிள்ளைகள் வந்தார்கள். தவசிமணிதான் முதலில் கேட்டான். "மழையா? எப்ப டீச்சர்?"

முறைப் பட்டியலைப் பார்த்தேன். வியாழன், கார்த்தீஸ்வரி. சரியாக இருபத்தாறு. ஒன்று கூடவில்லை, ஒன்று குறையவில்லை. வானம் எங்கே இத்தனை கச்சிதமாக அளந்து ஊற்றும்?

படத்தை அழித்தேன். பிறகு கத்தினேன். ஊரையே ஏமாற்றுகிறாயா என்றேன். அளவு என்பது விளையாட்டா என்றேன். இனி பாட்டில் பக்கம் போகாதே என்றேன். முப்பது பிள்ளைகள் முன்னால்.

அவள் தலையைக் குனிந்து கால் கட்டைவிரலால் சிமென்ட் தரையைச் சுரண்டிக்கொண்டிருந்தாள். ஏன் ஊற்றினாள் என்று நான் கேட்கவே இல்லை.

*

சனிக்கிழமை. அன்று பள்ளி உண்டு. பதினோரு மணி பஸ்ஸிலிருந்து ஒருவர் இறங்கினார். தோளில் பை, கையில் முறுக்குப் பொட்டலங்கள். இறங்கியவர் நடக்கவில்லை. ரோட்டோரத்திலேயே நின்று புழுதியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பூவலிங்கம். சொல்லாமல் கொள்ளாமல் கிளம்பி வந்திருக்கிறார். வியாழன் காலையில் படத்தைப் பார்த்த கையோடு முதலாளியிடம் கேட்டு ரயிலேறியிருக்கிறார். உழவுக்கென்று வருடத்துக்குப் பத்து நாள் லீவு. ஒரு தடவைதான்.

பள்ளிக்குள் வந்தார். நேரே பாட்டிலிடம் போனார். உள்ளே வெயில்தான் இருந்தது.

"படத்துல இருபத்தாறுன்னு இருந்துச்சே டீச்சர்," என்றார். கோபமில்லை. கோபப்பட்டிருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும்.

என் தப்பு என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் பின்னாலிருந்து குரல் வந்தது.

"நாந்தேன்ப்பா ஊத்துனேன். நீங்க வந்துட்டா அம்மா டீசி வாங்க மாட்டாகன்னு."

அடிப்பார் என்று நினைத்தேன். அவர் பையைக் கீழே வைத்தார். குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். மகளைப் பக்கத்தில் இழுத்து, "இத எப்படிப் பாக்குறது?" என்று கேட்டார்.

கண்ணை நேராக வைக்கச் சொன்னாள். வைத்தார். இரண்டு பேரும் காலிப் பாட்டிலைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் வகுப்புக்குள் போய்க் கரும்பலகைப் பக்கம் திரும்பி நின்றுகொண்டேன். அழுதேன், வேறென்ன.

*

மதியம் அவளைக் கூப்பிட்டு மன்னிப்புக் கேட்டேன். பிறகு இருவரும் சேர்ந்து இருபத்தாறின் மேல் ஒரே ஒரு கோடு போட்டோம். அழிக்கவில்லை. பக்கத்தில் பூஜ்யம். அதையும் படம் பிடித்துக் குழுவில் போட்டேன். மழை பெய்யவில்லை, பார்க்காமல் போட்டது டீச்சர் என்று எழுதினேன்.

பாட்டிலை அவளிடமே திருப்பிக் கொடுத்தேன். எல்லா நாளும் அவள் முறை.

பூவலிங்கம் காத்திருந்தார். ஞாயிறு, பூஜ்யம். திங்கள், பூஜ்யம். செவ்வாய்க்கிழமை வேலுத்தாய் பாத்திரங்களைச் சாக்கில் கட்டினார். புதன் காலை பஸ்ஸில் மூன்று பேருமாகக் கிளம்புவதாக முடிவு. டீசியை எழுதி வைக்கச் சொன்னார்கள். எழுதினேன். தலைமையாசிரியர் கையெழுத்து மட்டும் பாக்கி.

புதன் விடியற்காலை பரமக்குடியில் இடி. பஸ் முழுக்க ஈரக் குடைகள். ஜன்னலில் தண்ணீர் வழிய வழிய நான் சாமியிடம் பேரம் பேசினேன். இருபத்தாறு கொடு. இருபத்தாறே போதும்.

இறங்கியபோது தூறல் விட்டிருந்தது. மைதானத்தில் பூவலிங்கமும் வேலுத்தாயும் நின்றார்கள், சாக்கும் பையுமாக. கார்த்தீஸ்வரி பாட்டில் முன்னால் உட்கார்ந்திருந்தாள். நானும் அவளருகே உட்கார்ந்தேன்.

ஏழு.

ஏழு மில்லிமீட்டர். மண்ணின் மேல்தோல் நனையும், அவ்வளவுதான்.

சத்தியமாகச் சொல்கிறேன், அந்த நேரம் என் கை பரபரத்தது. ஓரத்தில் பிள்ளைகள் குடம். குடத்தில் தண்ணீர். பத்தொன்பது மில்லிமீட்டர்தானே. கத்தின வாய்தான் இது. அதே வாய் இப்போது எதையாவது சொல்லிவிடப் பார்த்தது.

கார்த்தீஸ்வரி எழுந்தாள். வராந்தாவுக்கு நடந்தாள். மார்க்கரை எடுத்தாள். ஏழு என்று எழுதினாள். அழகாக, பெரிதாக எழுதினாள்.

பூவலிங்கம் அந்த எண்ணை வெகுநேரம் பார்த்தார். பஸ் வளைவில் ஹார்ன் அடித்தது. வேலுத்தாய் சாக்கைத் தூக்கினார்.

"அத எறக்கு," என்றார் பூவலிங்கம்.

பிறகு என்னிடம் சொன்னார். "பயண நாள் போக, லீவுல நாலு நாள்தேன் போயிருக்கு டீச்சர். மிச்சத்த மொதலாளிகிட்டக் கேட்டு மழைக்கு வச்சுக்கிறேன். இவுக ரெண்டு பேரும் இங்கயே இருக்கட்டும். இவ ஏழுன்னு எழுதுறா பாருங்க. இனிமே இவ எழுதுனா நான் நம்பிக் கெளம்புவேன்."

அவர் மட்டும் பஸ் ஏறினார். டீசியை நான்காகக் கிழித்தேன். கிழிக்கும்போது வந்த சத்தம் எனக்குப் பிடித்திருந்தது.

*

பூஜ்யம். மூன்று. பூஜ்யம். பூஜ்யம். ஐந்து. ஒவ்வொரு நாளும் படம் போனது. ஒவ்வொரு நாளும் வாரங்கலிலிருந்து கட்டைவிரல் ஒன்று உயர்ந்தது.

ஐப்பசி பிறந்து ஆறாம் நாள். இரவெல்லாம் பரமக்குடியில் ஓடு சடசடத்தது. காலையில் பஸ் சகதியில் திணறித் திணறி ஒன்பதரைக்குத்தான் வந்தது. மைதானம் கறுப்பாகப் பளபளத்தது. பிள்ளைகள் வராந்தாவில் முண்டியடித்து நின்றார்கள்.

சார்ட்டில் அன்றைய கட்டம் காலியாக இருந்தது.

கார்த்தீஸ்வரி பாட்டிலருகே இல்லை. மைதான ஓரத்தில், எங்கள் பழைய கட்டங்கள் இருந்த இடத்தில், மண்டியிட்டுக் கையால் மண்ணைத் தோண்டிக்கொண்டிருந்தாள். அரைச் சாண். அதற்கும் கீழே இரண்டு விரல். உருண்டை பிடித்தாள். நின்றது. நசுக்கினாள். உதிர்ந்தது. இம்முறை நானும் குனிந்தேன். நானும் தொட்டேன். மண் குளிர்ந்திருந்தது.

அதன் பிறகுதான் அவள் பாட்டிலிடம் போனாள். உட்கார்ந்து, கண்ணை நேராக வைத்தாள்.

முப்பத்தொன்று.

சேற்றுக் கையோடே எழுதினாள். எண்ணுக்குப் பக்கத்தில் விரல் தடம் விழுந்தது. தடத்தோடே படம் எடுத்து அனுப்பினேன்.

மேகம் கொஞ்சம் விலகியது. மைதானத்தின் நடுவில் பாட்டில். உள்ளே தண்ணீர், தண்ணீருக்குள் வெயில்.

செல்போன் ஒருமுறை அதிர்ந்தது. கார்த்தீஸ்வரியிடம் நீட்டினேன். அவள் எழுத்துக் கூட்டாமல், ஒரே மூச்சில் வாசித்தாள்.

"கெளம்பிட்டேன்."