எதிலிருந்து முன்னாடி

மருத்துவமனையில் ஸ்கேன் படங்கள் வந்து சேரும் சர்வரை அவள்தான் பார்த்துக்கொண்டாள். படம் எடுத்து அனுப்புகிறவன் அவளுடைய அண்ணன். அவன் தாமதமாக அனுப்பியதால்தான் ஒரு நோயாளி பிழைக்கவில்லை என்று புகார். சர்வரில் அந்தக் கோப்பின் மேல் இருந்த நேரமும் அதையே சொன்னது. மதியம் விசாரணை, அவன் வேலை நிலைக்குமா என்பதே கேள்வி.

காலையில் அவள் கண்டுபிடித்துவிட்டாள். சர்வரின் கடிகாரமே ஒரு மணி நேரம் முந்திக்கொண்டு ஓடியிருக்கிறது. அண்ணன் உடனுக்குடன்தான் அனுப்பியிருக்கிறான்.

போனில் அவன் சிரித்தே விட்டான். "உன் பெட்டிக்கு என்மேல அப்படி என்ன கடுப்பு?"

"சும்மா இருண்ணே. கடிகாரத்தைச் சரிபண்ணிட்டேன். பழைய கோப்புங்களத் திருத்தணும், அவ்வளவுதான்."

"திருத்து தாயே, உனக்குப் புண்ணியமாப் போகும்."

மேலாளர் அவள் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்றார். "தப்பான நேரத்தக் காட்டி விளக்கினா அவங்களுக்கு மண்டையில ஏறாதும்மா. எல்லாத்தையும் ஒரு மணி நேரம் முன்னாடி போட்டு, சரியா எடுத்துட்டுப் போ."

அவளும் அப்படியே கட்டளை அடித்தாள். எல்லாக் கோப்புகளுக்கும், ஒரு மணி நேரம் முன்னாடி. எதிலிருந்து முன்னாடி என்று சொல்லவில்லை. சொல்லாவிட்டால் இயந்திரம் இந்த நிமிடத்திலிருந்து கணக்கு வைத்துக்கொள்ளும். இது அவளுக்குத் தெரியாததல்ல. அவசரம் கண்ணை மறைத்துவிட்டது.

போன வருடத்துப் படம், நேற்றைய படம், அந்த நோயாளியின் படம், எல்லாம் இன்று காலை ஒரே நேரத்தில் வந்ததாகத் திரையில் வரிசைகட்டி நின்றன. நகல் சர்வரைத் திறந்தாள். அது நொடிக்கு நொடி இதைப் பார்த்து எழுதுகிற விசுவாசி. பிழையையும் எழுத்துப் பிசகாமல் எழுதி வைத்திருந்தது. வரவைக் குறிக்கும் பதிவோ, இடம் போதாமல் பழையதையெல்லாம் தானே அழித்திருந்தது. படம் எடுத்த நேரம் படத்துக்குள்ளேயே இருந்தது. ஆனால் புகாரோ, படத்தை அனுப்பிய நேரத்தைப் பற்றியது.

விசாரணை அறையில் அவள் ஒன்றையும் மறைக்கவில்லை. நடுவில் இருந்தவர் பொறுமையாகக் கேட்டார்.

"நேரத்த மாத்துனது யாரு?"

"நான்தான் சார். தெரியாம..."

"நீங்க இவருக்கு என்ன வேணும்?"

அவள் அண்ணனைப் பார்த்தாள். அவன் மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"தங்கச்சி."

அதற்குப் பிறகு அவளிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை. அடையாள அட்டையைக் கழற்றி வைக்குமாறு அவனிடம் சொன்னார்கள். அட்டையின் நாடா அவன் காதில் மாட்டிக்கொண்டது. எடுத்துவிட எழுந்தவளிடம், "உட்காரு" என்றான், அவள் பக்கம் திரும்பாமலே.